பலோதியில் ரிலீவர்

ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஓடுகிற டிரம்மை விட்டு ஆள் நகரக் கூடாது. வீடு அளவு பெரிய அந்த மரப்பீப்பாய்க்குள் ஆயிரம் ஆட்டுத்தோல், பதமாக்குகிற க்ரோம் தண்ணீரில் புரண்டுகொண்டிருக்கும். ஷிப்ட்டு முடிந்து சங்கு ஊதினாலும், அடுத்த ஷிப்ட்டு ஆள் வந்து ஸ்விட்சுப் பெட்டியின்மேல் கை வைத்தால்தான் முந்தின ஆள் போகலாம். அப்படி வருகிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வராவிட்டால் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். அதற்குமேல் அவனுடைய எட்டு மணி நேரமும் நிற்கிறவனுடையது. அதுதான் டபுள். டபுள் பார்த்தவனை யாரும் கேள்வி கேட்க முடியாது. குற்றம் எப்போதும் தூங்கிப்போன ரிலீவருடையது.

இந்த வழக்கத்தை நான் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு தடவை பயன்படுத்தினேன். 1982 டிசம்பரில்.

அப்போது எனக்கு ஆறு வருஷமாக ராத்திரி ஷிப்ட்டு. காலையில் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பரந்தாமன் வருவான். அவன் லேபரட்டரி ஆள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பான். நான் ராத்திரி முழுக்க ஓட்டிய டிரம்மிலிருந்து ஒரு தோலை உருவி, கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் ஒரு துண்டு வெட்டுவான். வெட்டுவாயில் நடு வரைக்கும் க்ரோமின் நீலம் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். பிறகு அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவான். சுருங்கினால் தோல் பதமாகவில்லை என்று அர்த்தம். சுருங்காவிட்டால் நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். எட்டு மணி நேரம் என்னுடையது, கையெழுத்து அவனுடையது.

பரந்தாமனும் நானும் மாதனூரில் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மெட்ராஸுக்குத் தோல் டிப்ளமா படிக்கப் போனோம். நான் இரண்டாம் வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். என் அப்பா சாகவில்லை, குடும்பம் நொடித்துப் போகவில்லை. ரசாயனம் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் போயிற்று. அவன் முதல் தடவையே தேறினான். தேறியதுகூட எனக்குப் பெரிதில்லை. அவன் அதற்காகக் கஷ்டப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

சைக்கிள் ஒன்றுதான் எனக்கு வரும். மாதனூரிலிருந்து ஆம்பூருக்குத் தினமும் சைக்கிளில்தான். ஆனால் இருட்டுகிற நேரத்தில் போவேன், விடிந்ததும் திரும்பி வந்து படுத்துவிடுவேன். நான் ஓட்டியதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பொங்கல் சைக்கிள் பந்தயத்தில் பரந்தாமன் மாலை போட்டுக்கொண்டு வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளியின் மருமகன் மக்பூல் அகமது. எல்லோருக்கும் மக்பூல் பாய். அவருக்குப் பந்தயம் என்றால் பைத்தியம். ஜோத்பூரில் ஒரு சைக்கிள் சங்கம் பாலைவனத்தில் ரிலே பந்தயம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு, கம்பெனி பேரில் ஒரு அணி அனுப்ப வேண்டும் என்று கிளம்பினார். அணிக்கு மூன்று பேர். பரந்தாமன் முதல் ஆள். தோலைச் சீவுகிற ஷேவிங் மிஷினில் இருந்த செங்கல்வராயன் இரண்டாவது. நாற்பது வயது, காளை மாடு மாதிரி உடம்பு. மூன்றாவது ஆளாக என்னைச் சொன்னது அவர்தான்.

“தினம் மாதனூர்லேர்ந்து மிதிக்கறான் பாய். ஒரு நாளு நான் வந்த பஸ்ஸையே தாண்டிட்டுப் போய்ட்டான்.”

“பஸ்ஸு நின்னுட்டு இருந்துதா?” என்றார் மக்பூல் பாய்.

“ஓடிட்டுதான் இருந்துது பாய். மெதுவா.”

அப்படித்தான் நான் சேர்ந்தேன்.

பாலைவனம் என்றால் மணல், மணல் என்றால் பாலாறு. மக்பூல் பாயின் கணக்கு இது. இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விரிஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், காய்ந்த ஆற்றுக்குள் எங்களை இறக்கிவிட்டார். சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். மிதித்தால் பின்சக்கரம் குழி பறிக்குமே தவிர வண்டி நகராது. மணலில் ஊற்றுத் தோண்டித் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

“ஏம்பா, ஓட்றதுக்கு ரோடு கெடைக்கலியா உங்களுக்கு?” என்றாள் ஒருத்தி.

“சும்மா இரு வள்ளியம்மா, ஏர் ஓட்றாங்க. கேவுரு வெதைக்கப் போறாங்களாம்” என்றாள் இன்னொருத்தி.

பரந்தாமன் சிரித்துவிட்டு, “கேவுரு வந்தா மொத படி உங்களுக்குத்தான்க்கா” என்றான். அவர்களுக்கு அவனை உடனே பிடித்துப்போய்விட்டது. ஊற்றுத் தண்ணீர் அவனுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு வார்த்தை அடுத்த நாள்தான் வரும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் மக்பூல் பாய் ஆபீஸில் வரைபடத்தை விரித்தார். ஜோத்பூரில் தொடங்கி பீகானேர், அங்கிருந்து பலோதி, பொக்ரான், கடைசியில் ஜெய்சல்மேர் கோட்டை வாசல். கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். ஆள் மாற வழியில் ஆறு சாவடிகள். சாவடியில் மட்டும்தான் மாறலாம்.

“ரிலேன்னா இன்னா?” என்றார். “ஷிப்ட்டு. நமக்குத் தெரியாத ஷிப்ட்டா? பகல் ஷிப்ட்டு செங்கல்வராயன், பீகானேர் வரைக்கும். ராத்திரி ஷிப்ட்டு தனகோடி, பலோதி வரைக்கும். விடிகாலைலேர்ந்து பரந்தாமன். அவன்தான் கோட்டைக்குள்ள போறான்.”

தனகோடி நான்.

“பாய், கடைசி நான் ஓட்றேனே” என்றேன். அந்த வாக்கியத்தை இரண்டு நாளாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

“நீ ராத்திரி ஆளுப்பா. உனக்குத் தூக்கமே வராது. இவன் ராத்திரி ஓட்டினா ஒட்டகத்து மேல மோதிடுவான்.”

“ஒரு நாளு பகல்ல ஓட்டிப் பாக்கறேன் பாய்.”

“கோட்டை வாசல்ல பேப்பர்காரன் வருவான், போட்டோ எடுப்பான். மூஞ்சி கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கணும்ல?”

செங்கல்வராயன் சிரித்தார். ஆபீஸ் பியூனும் சிரித்தான். பரந்தாமன் சிரிக்கவில்லை. “அவனே போகட்டும் பாய். எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்” என்றான்.

நான் இரண்டு நாள் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்ததை, போட்டுப் பழசான சட்டையைக் கொடுக்கிற மாதிரி அவன் எடுத்து நீட்டினான். மக்பூல் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே பரந்தாமனை நான் அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஜோத்பூருக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தோம். ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து மக்பூல் பாயே ஓட்டினார். எட்டு அணிகள் வந்திருந்தன. ஒன்று ராணுவ அணி. காலை பத்து மணிக்குத் தொடங்குகிற இடத்தில் நின்று பார்த்தபோது, அடிவானம் வரைக்கும் கறுப்பாகத் தார் ரோடு போய்க்கொண்டிருந்தது.

“பாய், மணலு எங்க?” என்றார் செங்கல்வராயன்.

மக்பூல் பாய் இரண்டு பக்கமும் பார்த்தார். “ரெண்டு சைடும் கீதே.”

“சைக்கிளு நடுவுலதானே போகப் போவுது?”

மக்பூல் பாய் ஜீப்பின் பானட்டைத் திறந்து எதையோ பார்க்கத் தொடங்கினார்.

மற்ற அணிகள் ஒவ்வொரு சாவடியிலும் ஆளை மாற்றின. நாங்கள் மட்டும்தான் ஷிப்ட்டு. செங்கல்வராயன் இருநூற்றைம்பது கிலோமீட்டரைத் தனி ஆளாக மிதித்து, ராத்திரி எட்டேகாலுக்குப் பீகானேர் சாவடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஐந்தாவது இடம். கையில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்து என் கையில் கட்டினார். கட்டிவிட்டும் இறங்காமல் சைக்கிள்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“கை வைடா” என்றார்.

புரிந்தது. அவருடைய ஹேண்டில்பார்மேல் கை வைத்தேன். அதற்கப்புறம்தான் இறங்கினார். இறங்கின இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஜீப் கொஞ்ச தூரம் என் பின்னால் வந்தது. பிறகு பக்கத்தில் வந்து, “நாங்க முன்னாடி போறோம். பரந்தாமன் கொஞ்சம் தூங்கட்டும். நீ எப்படியும் அஞ்சு மணிக்குத்தான் வருவே” என்று சொல்லிவிட்டு மக்பூல் பாய் போய்விட்டார். பின்சீட்டில் பரந்தாமன் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தான். கை ஆட்டினான். சிவப்பு விளக்கு சின்னதாகி மறைந்தது. அப்புறம் டைனமோ சத்தமும் நானும்தான்.

நூற்றறுபத்தைந்து கிலோமீட்டர். குளிரில் விரல்கள் பிரேக்கைப் பிடித்தபடியே விறைத்துக்கொண்டன. முதல் ஒரு மணி நேரம் நான் வழக்கம் போலத்தான் ஓட்டினேன். நான் இந்த இருட்டில் மிதித்து முடித்து, தூங்கி எழுந்து முகம் கழுவியவன் கையில் பட்டையைக் கொடுக்க வேண்டும். அவன் வெயிலில் கோட்டைக்குள் போவான். ஊருக்குத் திரும்பினால் ‘பரந்தாமன் ஜெயிச்சான்’ என்பார்கள், தோற்றால் ‘ராத்திரி லேட்டாயிடுச்சு’ என்பார்கள். டிரம்முக்குப் பக்கத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கப் போகிறது. இதையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டு போனேன்.

கோலாயத் சாவடியில் சீட்டில் முத்திரை வாங்கும்போது அந்த யோசனை வந்தது. அஞ்சு மணிக்கு எதிர்பார்க்கிறார்கள். ரிலீவர் நாலே முக்காலுக்கு எழுந்திருப்பான். நான் நாலு மணிக்கு முன்னால் போய்விட்டால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் டபுள்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியதைப் போல அதற்கு முன்னாலும் ஓட்டியதில்லை, பின்னாலும் ஓட்டியதில்லை. முன்னால் போன சைக்கிள்களின் சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாகத் தாண்டினேன். ஒருவன் இந்தியில் ஏதோ கத்தினான். ஒட்டக வண்டி ஒன்று குறுக்கே நின்றபோது ரோட்டை விட்டு மணலில் இறங்கி ஏறினேன். விரிஞ்சிபுரத்துப் பயிற்சி அந்த இருபது அடிக்கு மட்டும் உதவியது. தொடை எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். செய்ததற்குக் காரணம் நல்லதில்லை.

பலோதிச் சாவடி ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்தது. மேஜைமேல் பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு மேஜைக் கடிகாரம். மணி மூன்றே முக்கால். மேஜைக்காரர் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார். ராணுவ அணிக்கு அடுத்தது நான்தான். இரண்டாவது இடம்.

“பத்லி?” என்று கேட்டார். மாற்று ஆள் எங்கே என்கிறார். எங்கள் தொழிற்சாலையிலும் அந்த வார்த்தை உண்டு.

பார்த்தேன். முப்பது அடி தூரத்தில் ஜீப் நின்றது. முன்சீட்டில் மக்பூல் பாய் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பின்சீட்டில் செங்கல்வராயன். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் கம்பளி போர்த்தி ஒரு ஆள். கம்பளிக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெரூன் நிற சாக்ஸ். ஜோத்பூர் கடைத்தெருவில் நான் பக்கத்தில் நிற்கும்போது பரந்தாமன் வாங்கியது.

“இல்ல” என்று தலையை ஆட்டினேன்.

மேஜைக்காரர் டீ கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். ஒரு தடவை இருமினால் போதும், அவன் எழுந்துவிடுவான். தொண்டையில் இருமல் வந்தது. டீயை விழுங்கி அதை உள்ளே தள்ளினேன். ஏழாவது நிமிஷத்தில் நான் தாண்டி வந்த டெல்லி அணிக்காரன் வந்தான், ஆளை மாற்றினான், போய்விட்டான். நாங்கள் மூன்றாவது இடத்துக்கு இறங்கினோம். நான் அசையவில்லை. பத்து நிமிஷமும் முழுசாக முடிந்தால்தான் என்மேல் குற்றம் இருக்காது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு டீக் கிளாஸை வைத்துவிட்டு ஏறினேன். பட்டையோடு எவன் சாவடியைத் தாண்டுகிறானோ, அடுத்த சாவடி வரைக்கும் அவன்தான் ஓட்ட வேண்டும். பொக்ரான் அறுபது கிலோமீட்டர்.

விடிகிற நேரத்தில் ஜீப் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மக்பூல் பாய் பக்கத்தில் ஓட்டியபடி தலையை வெளியே நீட்டினார்.

“இன்னா வேலைடா பண்ணி வச்சிருக்கே? எழுப்பறதுக்கு இன்னா?”

“ரிலீவர் இல்ல பாய். பத்து நிமிஷம் பாத்தேன்.”

“கண்ணெதிர்ல படுத்துனு இருந்தான்ல?”

“இருட்டு பாய். தெரியல.”

“நாங்க இருக்கோம்ல, ஜீப்பு இருக்குல்ல?”

“ரிலீவர் டேபிள்கிட்ட நிக்கணும் பாய். நான் போய்த் தேட முடியாது. டிரம்மை விட்டு நகரக் கூடாதுன்னு டிரம் ரூம்ல உங்க மாமனார்தான் எழுதி மாட்டியிருக்காரு.”

மக்பூல் பாய் ஸ்டியரிங்கைக் கையால் குத்தினார். “பாலைவனத்துல வந்து ரூல் பேசறான் பேஜாருபுடிச்சவன்.”

“ரூலு ரூலுதான் பாய்” என்றார் செங்கல்வராயன் பின்சீட்டிலிருந்து.

பரந்தாமன் ஜீப்பிலிருந்து சாய்ந்து, தண்ணீர் பாட்டிலையும் இரண்டு உரித்த வாழைப்பழத்தையும் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பழம் இரண்டையும் தின்றேன். அதற்காகவும் அவன்மேல் ஆத்திரம் வந்தது.

ஏழரை மணிக்குப் பொக்ரான். அதற்குள் நான்காவது இடம். தரையில் கால் ஊன்றியபோது முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. பரந்தாமன் தொப்பி போட்டுத் தயாராக மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுடைய சைக்கிள் துடைத்து வைத்திருந்தது. நான் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே இருந்தேன். அவன் கிட்டே வந்து ஹேண்டில்பார்மேல் கை வைத்துவிட்டால் முடிந்தது. பட்டையை அவிழ்த்துக் கொடுத்திருப்பேன். திட்டிக்கொண்டுதான், ஆனால் கொடுத்திருப்பேன்.

அவன் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“டபுள்னா எட்டு மணி நேரம். ரிலீவர் பாதியில எழுந்து வந்தாலும் கேக்க முடியாது. மீதியும் உன்னோட ஷிப்ட்டு” என்றான்.

“அவன் காலைப் பார்டா, எப்படி ஆடுது” என்றார் மக்பூல் பாய். “பட்டையை வாங்குடா. இன்னும் நூத்திப்பத்து கிலோமீட்டர் கீது. நீ போனா மூணாவது வந்துடலாம்.”

“அவன் சொல்லட்டும் பாய்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல வெயில். நான் கேட்டதுதான், பகலில் எல்லோரும் பார்க்க ஓட்ட வேண்டும் என்று. அதை நான் திருடி எடுத்துக்கொள்ள வந்திருந்தேன். அவன் அதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறான். வேண்டாம் என்று சொன்னால், பலோதியில் செய்ததெல்லாம் எதற்கு? கொடு என்று அவன் பிடுங்கியிருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

“போறேன்” என்றேன்.

“போ” என்றான்.

அந்த நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு எனக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. ஒன்பது மணிக்கு மேல் எதிர்க்காற்று. மணல் பறந்து வந்து பல்லுக்குள் போயிற்று. இரண்டு வாழைப்பழமும் வெளியே வந்தன. இரண்டு அணிகள் என்னைத் தாண்டிப் போயின. கடைசி ஆள் தாண்டும்போது திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். நல்லதாகத்தான் இருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது. இரண்டு இடங்களில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஜீப் கூடவே நடந்து வருகிற வேகத்தில் வந்தது. மக்பூல் பாய் பேசுவதையே விட்டுவிட்டார். பரந்தாமன் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு மைல்கல்லைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“நாப்பத்தி மூணு.” கொஞ்ச நேரம் கழித்து, “நாப்பத்தி ரெண்டு.” பிறகு, “அடுத்த கல்லு அழிஞ்சு போயிருக்கு. நாப்பத்தொண்ணுன்னு வச்சுக்க.”

அந்தக் குரல் நின்றால் நான் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. அது தெரிந்ததுதான் எனக்கு வெயிலை விட மோசமாக இருந்தது. பதினொன்று என்று சொன்ன பிறகு ரொம்ப நேரம் பத்து வரவில்லை.

“எங்கடா பத்து?” என்றேன்.

“இன்னும் வரல.”

“பொய் சொல்லேன்.”

“பத்து” என்றான். மிதித்தேன்.

கோட்டை வாசலுக்கு மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு அணிகள் வழியிலேயே விலகிவிட்டன. முடித்த ஆறு அணிகளில் நான் ஆறாவது. பந்தலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை மடித்து லாரியில் ஏற்றியிருந்தார்கள். பேப்பர்காரர்கள் ராணுவ அணியோடு சாப்பிடப் போய்விட்டார்களாம். வாசலில் ஒரு மந்தை ஆடுகள் நின்றன. எங்கள் டிரம்முக்குத் தோலாக வருகிற சாதிதான். அவை ஒதுங்கவே இல்லை. நான் இறங்கி அவற்றுக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மேஜையில் சீட்டைக் கொடுத்தேன். அங்கிருந்த ஒரே கிளார்க் முத்திரை குத்தினார். இருபத்தொன்பது மணி நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்.

மக்பூல் பாய் தன் காமிராவில் ஒரு போட்டோ எடுத்தார். அது இன்றைக்கும் ஆம்பூர் ஆபீஸில் மாட்டியிருக்கிறது. எனக்குக் கால் நிற்கவில்லை என்று பரந்தாமன் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறான். என் தலை அவன் தோளில் கவிழ்ந்து கிடக்கிறது. போட்டோவில் என் முதுகுதான் தெரியும். அவனுடைய முகம் வெயில் பட்டுத் தெளிவாக விழுந்திருக்கிறது. புது ஆட்கள் வந்து பார்த்தால், “ஓட்டினவர் இவரா?” என்று அவனைத்தான் காட்டுவார்கள்.

திரும்பி வந்ததும் தொழிற்சாலையில் விஷயம் பரவியது. நான் எதிர்பார்த்த மாதிரியேதான். ரிலீவர் தூங்கிவிட்டான், தனகோடி டபுள் பார்த்தான். யாரும் ஆறாவது இடத்தைப் பற்றிப் பேசவில்லை. செங்கல்வராயன் கேன்டீனில் எழுந்து நின்று, “இருவது மணி நேரம்டா. எவனாவது பாத்திருக்கீங்களா அப்படி ஒரு டபுளு?” என்றார். ராத்திரி ஷிப்ட்டு முழுக்கக் கைதட்டியது. பரந்தாமனைப் பார்த்தால், “இன்னா சார், கட்டில் எடுத்தாரட்டுமா?” என்பார்கள். ஃபினிஷிங் செக்ஷனில் இருந்த மஹ்பூபி அக்கா அவனுக்குத் ‘தூங்குமூஞ்சி மரம்’ என்று பேர் வைத்தார்.

அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். “ஆமாக்கா, தூங்கிட்டேன். தப்பு என்னோடதுதான்” என்றான். மக்பூல் பாயிடமும் அதையேதான் சொன்னான். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அவனை முன்பைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது. எனக்குக் கைதட்டல் இரண்டு நாளில் தீர்ந்துபோயிற்று.

ஜனவரியில் ஒரு நாள் காலை, வழக்கம் போலச் சங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தான். டிரம்மை நிறுத்தினேன். தோலை உருவித் துண்டு வெட்டினான். வெளிச்சத்தில் பார்த்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டான். இரண்டு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நான் அன்னைக்குத் தூங்கல” என்றான்.

நான் கொதிக்கிற தண்ணீரையே பார்த்தேன்.

“உன் டைனமோ சத்தம் கேட்டே முழிச்சுட்டேன். யார்றா இதுன்னு வாட்சைப் பாத்தா மூணே முக்கால். கம்பளிக்குள்ளேர்ந்து பாத்தேன், நீ டேபிள்கிட்ட நிக்கறே. அந்த ஆளு ரெண்டு வெரலைக் காட்றான். அஞ்சு மணிக்கு வர வேண்டியவன் அந்த நேரத்துல ரெண்டாவதா வந்து நிக்கறே.”

“அதுக்கு?”

“அதுக்கப்புறம் நான் எழுந்து வந்து எவ்ளோ ஓட்டினாலும் அது நீ ஓட்டினதுதான். ஜெயிச்சா உன்னால, தோத்தா என்னால.” இடுக்கியால் துண்டைப் புரட்டினான். “வயிறு எரிஞ்சுதுடா. நெஜமா. எழுந்திரிக்கவே புடிக்கல. கூப்பிட்டா எழுந்துக்கலாம்னு படுத்திருந்தேன். பத்து நிமிஷம் நீ டீ குடிச்சே. கூப்பிடல.”

ஆறு வருஷமாக நான் ஒருவன்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உள்ளே குளிர்ந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் அதுவும் போயிற்று. இதை அவனால் சொல்ல முடிகிறது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் இடுக்கியோடு, நேரம் கேட்பது மாதிரி சொல்கிறான். நான் ஒரு மாசமாக ராத்திரி ராத்திரி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, இவனிடம் ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதிலும் அவன் முந்திக்கொண்டான்.

“நீ என்னைப் பாத்தியா?” என்றான்.

மெரூன் சாக்ஸ் கண்ணில் வந்து நின்றது.

“இல்ல” என்றேன். “இருட்டு.”

தலையை ஆட்டினான். துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து விரலால் அழுத்தினான். ஒரு ஓரம் லேசாகச் சுருங்கியிருந்தது.

“இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும்” என்றான்.

டிரம்மைப் போட்டேன். சங்கு ஊதியது. என் ரிலீவர் ரஃபி அகமது இன்னும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரந்தாமன் போகாமல் அங்கேயே நின்றான். பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, ஸ்விட்சுப் பெட்டியின்மேல், என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான்.

“வீட்டுக்குப் போ. அவன் வர்ற வரைக்கும் நான் நிக்கறேன்.”

வழக்கப்படி நான் போகலாம். கையை எடுத்தால் போதும்.

“லேபரட்டரி ஆளு ரிலீவர் கெடையாது” என்றேன். என் கை பெட்டிமேலேயே இருந்தது.